சிவப்பு நம்பர் பிளேட்டும் ஓர் எலுமிச்சம்பழமும்

வாடகைக் கார் எடுத்தால் முதலில் செய்ய வேண்டியவை என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். நாலு பக்கமும் வீடியோ எடுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கீறல்களை ஒப்பந்தத் தாளில் குறிக்கச் சொல்ல வேண்டும். பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அம்மாவின் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. விடுதி வாசலில் காய்த்துக் கிடந்த மரத்திலிருந்து கேட்டு வாங்கிய ஓர் எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, "இப்ப எடு" என்றாள். அது இன்னும் சரியாக மஞ்சளாகாத பழம். சக்கரம் ஏறியதும் பச்சென்று ஒரு சத்தம், கூடவே வாசனை. விடுதிக்காரர் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா அதற்குள் நாலு டயரையும் காலால் தட்டிப் பார்த்து, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். ஸ்டெப்னி இல்லை. அதற்குப் பதிலாக ஒரு காற்றடிக்கும் கருவியும் பசை டப்பாவும் இருந்தன. "இத வச்சு என்னளா பண்ணுவ?" என்று கேட்டுவிட்டு முன்னால் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அது 2019 அக்டோபர், சைப்ரஸ் தீவு. லண்டன் பக்கம் இருக்கும் என் வீட்டுக்கு அப்பாவும் அம்மாவும் மூன்று மாதம் வந்திருந்தார்கள். செப்டம்பர் முடிவதற்குள்ளேயே அம்மா ஸ்வெட்டருக்குள் ஸ்வெட்டர் போட ஆரம்பித்துவிட்டாள். வெயில் இருக்கிற இடமாக ஒரு வாரம் போகலாம் என்று தேடினேன். ஸ்பெயின், கிரீஸ் எல்லாம் வலதுபக்கம் வண்டி ஓட்டும் நாடுகள். பின்னால் அம்மாவையும் பக்கத்தில் அப்பாவையும் வைத்துக்கொண்டு எனக்கு அந்த விஷப்பரீட்சை வேண்டாம். சைப்ரஸில் நம் ஊர் மாதிரி இடதுபக்கம். பிரிட்டிஷ்காரர்கள் 1960-இல் கொடியை இறக்கியபோது சாலை விதியை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பக்கத்தில் அப்பாவை வைத்துக்கொண்டு என்று சொன்னேனே, அதற்கு ஒரு காரணம் உண்டு. அப்பா 31 வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். அதில் பாதிக்கு மேல் திருநெல்வேலி – திருச்செந்தூர் தடம். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் நமக்குக் கால் நடுங்கும். வாயால் எதுவும் சொல்ல மாட்டார், வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கைத் தேடி மிதிக்கும்.

முதல் திருப்பத்திலேயே மானம் போயிற்று. சைப்ரஸில் ஜப்பானிலிருந்து இறக்குமதியான கார்கள் நிறைய. அவற்றில் இண்டிகேட்டர் தண்டு ஸ்டியரிங்கின் வலதுபக்கம் இருக்கும், வைப்பர் இடதுபக்கம். எனக்கு வந்ததும் அப்படி ஒன்று. நான் இண்டிகேட்டர் என்று நினைத்து இழுக்க, காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கறகறவென்று ஓடியது. "மழ வரலியேளா" என்றார் அப்பா. அன்று முழுக்க ஒவ்வொரு ரவுண்டானாவிலும் எங்கள் காரில் மழை பெய்தது.

நல்லவேளை, நம்பர் பிளேட் சிவப்பு. அங்கே வாடகைக் கார்களுக்கெல்லாம் அந்த நிறம்தான். நம் ஊரில் எல் போர்டைப் பார்த்தால் ஒதுங்குவதுபோல உள்ளூர்க்காரர்கள் அதைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே வருவார்கள். ஹாரன் அடிக்கக்கூட மாட்டார்கள். முகத்தில் ஒரு பரிதாபம் மட்டும் தெரியும்.

திட்டம் எளிமையானது. பாஃபோஸ் நகரத்தில் தொடங்கி, கடலோரமாகக் கிழக்கே போய், கூரியோன் என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, அதன் கீழே இருக்கும் கடற்கரையில் காலை நனைத்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்புவது. ஒரு வழிக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். "நம்ம திருச்செந்தூர் தூரம்தான்" என்று அப்பா கணக்குப் போட்டார்.

பாஃபோஸ் துறைமுகத்தை ஒட்டி ஒரு பெரிய வெட்டவெளி. அதன் நடுவே, பார்ப்பதற்குக் கிடங்கு மாதிரி ஒரு மரக்கூரைக் கட்டடம். உள்ளே போனால் தரை முழுக்கச் சித்திரம். 1962-இல் அந்த நிலத்தைச் சமன்படுத்தும்போது தற்செயலாக வெளிப்பட்ட ஒரு ரோமானிய மாளிகை அது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டிக் கட்டியது என்கிறார்கள். டயோனிசஸ் மாளிகை என்று பெயர். டயோனிசஸ் கிரேக்கர்களின் திராட்சைமதுக் கடவுள். 556 சதுர மீட்டர் தரையில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னக் கல் துண்டுகளைப் பதித்துக் கதை சொல்லியிருக்கிறார்கள். மேலே மரப்பாலத்தில் நடந்தபடி குனிந்து பார்க்க வேண்டும்.

ஒரு படத்தில் இகாரியோஸ் என்பவன் மாட்டுவண்டியில் தோல்பை நிறைய மது கொண்டுவருகிறான். ஓரமாக இரண்டு இடையர்கள், ஒருவன் சரிந்து கிடக்கிறான். அவர்கள் தலைக்கு மேல் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது: முதன்முதலில் மது குடித்தவர்கள். டயோனிசஸ் கற்றுக்கொடுத்த மதுவை இகாரியோஸ் ஊரோடு பகிர்ந்துகொள்ள, குடித்தவர்கள் இது விஷம் என்று பயந்து அவனையே கொன்றுவிட்டார்கள் என்பது கதை. நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அப்பா, "கடைசி பஸ்ல ஏறுறவன் எல்லாம் இப்படித்தான் கெடப்பான்" என்றார்.

அடுத்த படத்தில்தான் அவர் நின்றுவிட்டார். சிறுத்தைகள் இழுக்கும் தேரில் டயோனிசஸ் வெற்றி ஊர்வலம் போகிறார். புராணப்படி அவர் இந்தியாவை வென்று திரும்பியவர். ஊர்வலத்தில் கறுத்த மேனியோடு சில கைதிகள். "இவன் யாருளா, நம்ம ஆளு மாதிரி இருக்கான்?" என்றார் அப்பா. நம்ம ஆளுதான், அந்தக் காலத்துக்காரர்கள் மனதில் இருந்த நம்ம ஆள். அதைச் சுற்றிய நூற்றாண்டுகளில் யவனர்கள் தங்கத்தைக் கொடுத்து மிளகு வாங்கிக்கொண்டு போனார்கள். நல்ல கலத்தில் அவர்கள் கொண்டுவந்த மணக்கும் மதுவைப் பற்றிப் பாண்டியன் நன்மாறனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டிலேயே வருகிறது. நாம் அவர்களை மது கொண்டுவருகிறவர்களாக நினைவில் வைத்திருக்கிறோம். அவர்கள் நம்மைக் கட்டி இழுத்துவரப்பட்டவர்களாகத் தரையில் பதித்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. அப்பாவுக்கு வரவில்லை. "கால் மிதிபடுற எடத்துலயா போட்டான்?" என்று மட்டும் கேட்டார்.

ராஜாக்களின் கல்லறை என்று ஓர் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. முந்தின நாளே பார்த்துவிட்டதால் போகவில்லை. பாறையைக் குடைந்து, தூண் வைத்த முற்றத்தோடு செத்தவர்களுக்கு வீடு கட்டியிருக்கிறார்கள். ராஜா ஒருவர்கூட அங்கே புதைக்கப்படவில்லை, எல்லாரும் அதிகாரிகளும் பணக்காரர்களும்தான். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பாஃபோஸிலிருந்து கால் மணி நேரத்தில் கூக்லியா கிராமம். பழைய பாஃபோஸ் இதுதான். காதல் தெய்வம் அஃப்ரோடைட்டின் பெரிய கோயில் இருந்த இடம். கி.மு. 12-ஆம் நூற்றாண்டிலிருந்து கி.பி. 4-ஆம் நூற்றாண்டு வரை அங்கே வழிபாடு நடந்திருக்கிறது. இப்போது வெளியில் பார்க்க அதிகம் ஒன்றும் இல்லை. சில பெரிய பாறைச் சுவர்கள், காய்ந்த புல். உண்மையைச் சொன்னால், பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்போம், அருங்காட்சியகத்துக்குள் அந்தக் கல் இல்லாமல் இருந்திருந்தால்.

அஃப்ரோடைட் என்றால் பளிங்கில் செதுக்கிய அழகியைத்தான் எல்லாரும் எதிர்பார்ப்போம். இந்தக் கோயிலில் அவளுக்கு முகமே கிடையாது. ஒரு கறுப்புக் கல். ஒரு மீட்டருக்குச் சற்று மேலான உயரம், அடி அகன்று மேலே போகப்போகக் குறுகி, உச்சியில் மழுங்கி. ரோமானியர் காலத்து நாணயங்களில் கோயில் மாடத்துக்குள் இதே கூம்பு வடிவம் இருக்கிறது. இந்தத் தெய்வத்துக்கு மனித உருவம் இல்லை என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் எழுதிவைத்தார். பலிபீடத்தில் ரத்தம் சிந்தக்கூடாது என்பது அங்கே விதி என்றும் சொல்கிறார்.

அம்மா அதுவரை எதிலும் பெரிய ஆர்வம் காட்டவில்லை. கல்லைப் பார்த்ததும், "ஏட்டி, இது சுடலமாடன் பூடம்லா" என்றாள்.

எனக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. ஊரில் எங்கள் குலதெய்வக் கோயிலில் சிலை கிடையாது. சுண்ணாம்பு பூசின பீடம்தான், அடி பெருத்து மேலே சிறுத்து நிற்கும். அதற்குத்தான் மாலை, சந்தனம், படையல் எல்லாம். கொடைத் திருவிழாவுக்குத் திருவிழா அதைப் பார்த்து வளர்ந்த எனக்குத் தோன்றாதது அம்மாவுக்கு இரண்டு நொடியில் தோன்றிவிட்டது. அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். கைகூப்பிக் கண்ணை மூடினாள். மூலையில் நாற்காலியில் இருந்த காவல்காரப் பெண்மணி எழுந்து வந்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் அம்மாவின் செருப்பைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"இவளுக்கு ரத்தம் ஆகாதாம்மா. சைவம்" என்றேன் வெளியே வந்ததும்.

"அப்ப சுடல இல்ல. சுடலைக்குக் கெடா இல்லாம நடக்குமா? இவ பேச்சியா இருக்காது, இசக்கியும் இல்ல" என்று அம்மா தனக்குத்தானே யோசித்துக்கொண்டே காரில் ஏறினாள். அந்த விசாரணை சாப்பாட்டு நேரம் வரை ஓடியது.

சாப்பாடு ஒரு கிராமத்து உணவகத்தில். ஹலூமி என்ற பாலாடைக்கட்டியைச் சுட்டுக் கொடுத்தார்கள். தீயில் வைத்தாலும் உருகாது, கோடுகோடாகக் கருகி நிற்கும், கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் போடும். அம்மா பன்னீர் என்று நம்பி வாயில் போட்டு, உப்புக் கரித்ததில் முகத்தைச் சுளித்தாள். அப்பா மூன்று துண்டு சாப்பிட்டார். அம்மா டப்பாவைத் திறந்து முறுக்கை எடுத்தாள்.

பழைய கடலோரச் சாலையில் கொஞ்சம் போனால் ஒரு வளைவில் கடல் திடீரென்று கீழே விரியும், கரையோரம் வெள்ளையாக ஒரு பெரும்பாறை. பெத்ரா து ரொமியு. அலைநுரையிலிருந்து அஃப்ரோடைட் பிறந்து கரையேறிய இடம் என்பார்கள். பெயர் என்னவோ வேறு கதையிலிருந்து வந்தது. கொள்ளையர் கப்பல்கள்மேல் ஒரு பைசாந்திய வீரன் தூக்கி எறிந்த பாறையாம். காரைச் சாலைக்கு இந்தப்பக்கம் நிறுத்திவிட்டு, அடியில் போகும் சுரங்கப் பாதை வழியாகக் கரைக்குப் போக வேண்டும். மணல் இல்லை, எல்லாம் வழவழப்பான கூழாங்கல். வெறுங்காலோடு பத்தடி நடந்தால் முன்ஜென்மப் பாவம் கழியும். "நொரையில பொறந்தான்னா லட்சுமிதான?" என்று அம்மா தன் விசாரணையை முடித்துவைத்தாள். பாறையை மூன்று முறை நீந்திச் சுற்றினால் இளமை திரும்பும் என்று சொன்னேன். அப்பா பாறையைப் பார்த்தார். "சுத்தி முடிக்கிறதுக்குள்ள இருக்கிற வயசும் போயிரும்" என்றார். இருபது நிமிடம், கிளம்பிவிட்டோம்.

அங்கிருந்து கூரியோன் போகும் வழியில் சட்டென்று பலகைகளும் வேலிகளும் வேறு மாதிரி ஆகும். சோதனைச்சாவடி எதுவும் இல்லை, ஆனால் நாம் பிரிட்டிஷ் மண்ணுக்குள் நுழைந்துவிட்டோம். சுதந்திரம் கொடுத்தபோது படைத்தளங்களுக்காக 254 சதுர கிலோமீட்டரைப் பிரிட்டன் தனக்கென்று வைத்துக்கொண்டது. கூரியோன் இடிபாடுகளும் அந்தத் தளப்பகுதிக்குள்தான் வருகின்றன. "வெள்ளக்காரன் இன்னும் போகலியா?" என்று அப்பா உண்மையிலேயே அதிர்ந்துபோய்க் கேட்டார். 'நானே அவன் ஊரில்தானே இருக்கிறேன், அவன் கொடுத்த லைசென்ஸில்தானே ஓட்டுகிறேன்' என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

கூரியோன் ஒரு செங்குத்தான மேட்டின்மேல் இருக்கிறது, கீழே கடல். முதலில் ஒரு மாளிகை. யூஸ்டோலியோஸ் என்பவர் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அங்கே தரைச் சித்திரத்தில் ஒரு பெண் முகம். கையில் சின்னதாக ஒரு கோல், அளவு பார்க்கிற கோல். ஒரு ரோமானிய அடி நீளம். படைப்பு என்ற கருத்தையே பெண்ணாக்கி வரைந்திருக்கிறார்கள், பெயரும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. நம் ஸ்தபதிகள் வைத்திருக்கும் முழக்கோல்தான் அது. படைப்புத் தெய்வத்தின் கையில் தாமரையோ ஜபமாலையோ இல்லாமல் கொத்தனார் சாமான் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. கண்ணைக் கொஞ்சம் சாய்த்து, கட்டின சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி ஒரு பார்வை வேறு.

அவள் அப்படிப் பார்ப்பதில் நியாயம் உண்டு. 4-ஆம் நூற்றாண்டில், பெரும்பாலும் கி.பி. 365-இல் என்கிறார்கள், ஒரு பூகம்பத்தில் இந்த ஊர் அப்படியே சரிந்தது. 1980-களில் தோண்டியபோது ஓர் அறையில் மூன்று எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒரு கைக்குழந்தை, அதை அணைத்தபடி ஓர் இளம்பெண், இருவர்மேலும் கவிழ்ந்து கை போட்டபடி ஓர் ஆண். அவற்றைக் கீழே எபிஸ்கோப்பி ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். போகலாமா என்று கேட்டேன். அம்மா வேண்டாம் என்றாள். அந்த அழிவுக்குப் பிறகு எழுந்த வீடுதான் யூஸ்டோலியோஸ் மாளிகை. பெரிய கல்லும் இரும்பும் வெண்கலமும் இந்த வீட்டைக் காக்கவில்லை, கிறிஸ்துவின் அடையாளங்களே காக்கின்றன என்று தரையில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே அரைவட்ட அரங்கம். மூவாயிரத்து ஐந்நூறு பேர் உட்காரலாம். ஒரு காலத்தில் மனிதனும் மிருகமும் சண்டை போடுவதைக்கூட இங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது யாரோ ஒரு சின்னப் பையன் கீழே நடுவில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தான். மேல்படியில் உட்கார்ந்தால் எதிரே கடல் மட்டும்தான்.

அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆதிச்சநல்லூர் இப்படித்தான் மேடா இருக்கும்" என்றார்.

ஆதிச்சநல்லூர் அவருடைய தடத்தில் ஒரு நிறுத்தம். திருநெல்வேலியிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டரில், தாமிரபரணிக் கரையில், சாலையை ஒட்டினாற்போலப் பரம்பு, அந்தக் காலத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த மேடு. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்ததையெல்லாம் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது தாழி தாழியாக வந்தது. இரும்பு, வெண்கலம், தங்கத்தில் நெற்றிப்பட்டம். நாங்கள் பார்த்த கூரியோன் இடிபாடுகளைவிடப் பழைய சங்கதி. அதைத் தாண்டிப் போனால் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, கடைசியில் கடல். இடிபாடும் கடற்கரையும் ஒரே சாலையில்! நான் விமான டிக்கெட் எடுத்து, கார்டில் முன்பணம் கட்டி ஏற்பாடு செய்த அதே உலா எங்கள் அப்பாவுக்குத் தினமும் நாலு நடை இருந்திருக்கிறது.

"நீங்க பரம்புல எறங்கிப் பாத்திருக்கீங்களா?"

"எறங்குறவங்க எறங்குவாங்க. நான் எப்படி எறங்க?"

"திருச்செந்தூர்ல கடலுக்கு?"

"வண்டிய நிப்பாட்டுனா இருபது நிமிஷம். டீ குடிக்கணும், ஒண்ணுக்குப் போணும், டைம் கீப்பர்ட்ட கையெழுத்து. கடல் சத்தம் கேக்கும்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. கால அட்டவணையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

மேட்டிலிருந்து இறங்கி வளைந்து போனால் கூரியோன் கடற்கரை. கல்லும் மணலும் கலந்த நீளக் கரை, கிழக்குக் கோடியில் நீரோட்டம் இழுக்கும். நாங்கள் மேற்கே ஓர் உணவகத்துக்கு முன்னால் நிறுத்தினோம். ஐந்து மணி வெயில். நாள் முழுக்கச் சூடாகிக் கிடந்த தண்ணீர், அக்டோபரிலும் இதமாக இருந்தது. அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டி வரை போய்விட்டாள். அப்பா ஷூவைக் கழற்றி, அதற்குள் சாக்ஸை மடித்து வைத்து, பேண்டை அளவெடுத்த மாதிரி இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குச் சுருட்டினார். பிறகு அலை வந்து தொடுகிற கோட்டில் நின்றார். தண்ணீர் வந்து பாதத்துக்குக் கீழே மணலை அரித்துக்கொண்டு போகும்போதெல்லாம் அவருடைய வலது கால் மட்டும் தன்னையறியாமல் அழுத்தி மிதித்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். "வண்டிய எத்தன மணிக்கு எடுக்கணும்?"

"நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்குக் குடுத்தாப் போதும்ப்பா."

"ஒம்பது மணிக்கா" என்றார். வாட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இன்னும் ரெண்டடி உள்ளே போனார்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் வந்தோம். அங்கே நூறுக்கு மேல் போகக்கூடாது, அறுபத்தைந்துக்குக் கீழேயும் போகக்கூடாது. மெதுவாகப் போவதற்கு அபராதம் போடும் ஊர் இருக்கிறது என்பதை அப்பா கடைசிவரை நம்பவில்லை.

மறுநாள் காலை காரை ஒப்படைக்கப் போனபோது அம்மாவும் கூட வந்தாள். கவுண்ட்டரில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். கையில் தாளோடு காரைச் சுற்றி வந்தார். பெட்ரோல் சரி. உள்ளே கால்மிதியில் அரைப்படி மணல், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முன்சக்கரத்துக்கு வந்ததும் குனிந்தார். டயர் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த தோலும் இரண்டு விதையும். விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு ஆங்கிலத்தில் இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. கண் படாமல் இருக்க, எங்கள் வழக்கம் என்று ஏதோ குழறினேன்.

அவர் நிமிர்ந்து என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு உள்ளே கூட்டிப்போய்த் தன் கம்ப்யூட்டர் திரையின் மூலையில் நூல்கட்டித் தொங்கிய நீலக் கண் மணியைத் தொட்டுக் காட்டினார். வீட்டில் ஆலிவ் இலையைப் பற்றவைத்துத் தலையைச் சுற்றிப் புகை காட்டுவோம் என்று கையால் மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினார். அம்மா உடனே மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவதை அதே மாதிரி கையாலேயே செய்து காட்டி, அடுப்பில் போட்டால் நெடி வரக்கூடாது, வந்தால் கண் பட்டிருக்கவில்லை என்று தமிழிலேயே முழு விளக்கமும் கொடுத்தாள். அந்த அம்மாள் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார்.

அப்பா வெளியே நின்று, யாரோ அடுத்து எடுக்கப்போகிற காரின் டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.